கொஞ்சந்தானே என்னும் கணக்கு

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவனவாக!



மது ஹராம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓதப் போன சிறு வயதிலேயே பன்றியும் மதுவும் விலக்கப்பட்டவை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பன்றி விஷயத்தில் நம்மவர்கள் இன்றும் நெருப்பாகத்தான் இருக்கிறார்கள். பிஸ்கோத்துப் பொட்டலத்தின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதைக்கூட மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்க்கிறார்கள். ஆனால் மது விஷயத்தில் மட்டும் ஒரு சொல் நம்மிடையே ஓசையின்றி நுழைந்துவிட்டது. "கொஞ்சந்தானே!" என்பதே அச்சொல்.

இதை நான்கு விதமாகச் சொல்கிறார்கள். "குடித்துவிட்டு வீதியில் விழுந்து கிடப்பவனைப் பற்றியதுதான் அந்தச் சட்டம்; அளவோடு குடிப்பவனுக்கு என்ன?" என்பார் ஒருவர். "பீர் என்ன மதுவா? பார்லித் தண்ணீர்தானே!" என்பார் மற்றொருவர். "இருதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே எழுதுகிறார்களே!" என்பார் மூன்றாமவர். "காலை முதல் இரவு வரை கடையில் நின்ற களைப்பு. கொஞ்சம் உள்ளே போனால்தான் தூக்கம் வருகிறது" என்பார் நான்காமவர்.

சகோதரர்களே! நாம் வியாபாரிகள். எவர் சொன்னாலும் சரக்கை நிறுக்காமல் வாங்க மாட்டோம். இந்த நான்கு சரக்கையும் தராசில் ஏற்றிப் பார்ப்போமாக.

மார்க்கத்தின் அளவுகோல்

முதலில் "அளவோடு" என்ற வாதம். எந்தப் பொருள் அதிகமாக உட்கொண்டால் போதை தருமோ, அதில் கொஞ்சமும் ஹராமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக விதித்துவிட்டார்கள். இங்கே அளவு பார்க்கப்படுவது குடிப்பவனின் கோப்பையில் இல்லை. பொருளின் தன்மையில் இருக்கிறது. ஒரு பீப்பாய் குடித்தால் போதை தரும் என்றால் ஒரு மிடறும் அதே தீர்ப்பைப் பெறும். வட்டியில் நூற்றுக்கு அரை வெள்ளி என்றாலும் வட்டிதான் என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், இதை ஏன் ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டும்?

இரண்டாவது, பீர். இந்தக் கேள்வி நம் காலத்தில்தான் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். யமன் தேசத்துக்கு அனுப்பப்பட்ட அபூமூஸா (ரலி) அவர்கள், அந்நாட்டார் தேனிலிருந்து ஒரு பானமும் பார்லியிலிருந்து ஒரு பானமும் செய்கிறார்களே, அவற்றின் சட்டம் என்ன என்று நாயகத்திடமே கேட்டார்கள். போதை தருவது எதுவாயினும் ஹராம் என்பதுதான் விடை. உமர் (ரலி) அவர்களும் தம் ஆட்சிக் காலத்தில் மிம்பர் மீது நின்று, திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, பார்லி ஆகிய ஐந்திலிருந்தும் மது உண்டாவதை எடுத்துச் சொல்லி, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று விளக்கினார்கள். ஆகவே பார்லித் தண்ணீர் என்ற பெயரைச் சூட்டியதால் பொருள் மாறிவிடாது.

இன்னும் சொல்லப்போனால், நிறுத்துப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்காது. 30 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 9½ கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பலமுள்ள 330 மில்லி பீர் டின் ஒன்றில் ஏறக்குறைய 13 கிராம் இருக்கிறது. "நான் விஸ்கி தொடுவதில்லை, ஒரு பீர் மட்டுந்தான்" என்பவர் அந்த விஸ்கிக்காரரைக் காட்டிலும் கூடுதலாகவே உள்ளே தள்ளுகிறார்.

நான்காவதாகச் சொன்ன களைப்பு வாதமும் பழையதே. ஹிம்யர் குலத்தவரான தைலம் (ரலி) அவர்கள், தாங்கள் குளிர் மிகுந்த நாட்டில் கடினமான வேலை செய்பவர்கள் என்றும், உழைப்புக்கும் குளிருக்கும் தெம்பு தரக் கோதுமையிலிருந்து ஒரு பானம் செய்துகொள்கிறோம் என்றும் நாயகத்திடம் கூறினார்கள். அது போதை தருமா என்று மட்டும் நாயகம் கேட்டார்கள். ஆம் என்றதும், அதைத் தவிர்த்துக்கொள்ளும்படி கட்டளையிட்டார்கள். களைப்பு பொய் என்று சொல்லவில்லை. அந்த மருந்து தகாது என்றார்கள். இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது. மது முதலில் கண்ணைச் செருக வைக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். குறட்டையும் இரவில் மூச்சு முட்டும் நோயும் உடையவர்க்கு அவற்றை மிகுதியாக்கும். மறுநாள் காலை கடை திறக்கும்போது முந்திய நாளைவிட அதிகக் களைப்போடுதான் அவர் எழுவார்.

இலாபப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

எஞ்சியது மூன்றாவது வாதம், இருதயத்துக்கு நல்லது என்பது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் படித்தவர்களே இதில் அதிகமாக ஏமாந்திருக்கிறார்கள்.

குர்ஆன் ஷரீபின் பகரா அத்தியாயம் 219-ஆம் வசனத்தை நினைவுகூருங்கள். மதுவிலும் சூதிலும் பெரும் பாவம் இருக்கிறது, மனிதருக்குச் சில பலன்களும் இருக்கின்றன, ஆனால் பலனைக் காட்டிலும் பாவமே பெரிது என்ற கருத்தை அவ்வசனம் தருகிறது. வியாபாரிக்கு இது எவ்வளவு எளிதாக விளங்கக்கூடிய பேச்சு! வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் எதிரெதிராக எழுதி ஐந்தொகை கட்டிக் காட்டியிருக்கிறான் இறைவன். வரவே இல்லை என்று அவன் சொல்லவில்லை. கூட்டிக் கழித்தால் நட்டம் என்கிறான். பின்னர் நிஸா அத்தியாயம் 43-ஆம் வசனத்தில் போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது. இறுதியாக மாயிதா அத்தியாயம் 90, 91-ஆம் வசனங்களில் முற்றாக விலக்கப்பட்டது.

அந்த இறுதிக் கட்டளை மதீனாவில் அறிவிக்கப்பட்டபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அனஸ் (ரலி) அவர்கள் பேரீச்சை மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முழக்கம் கேட்டதும் இருந்ததையெல்லாம் கொட்டிவிடச் சொன்னார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. "இன்று மட்டும் முடித்துவிடுவோம், கொஞ்சந்தானே மிச்சம்" என்று அவர்களில் எவரும் சொல்லவில்லை.

நிற்க. வரவுப் பக்கத்தில் எழுதப்பட்ட அந்தச் "சில பலன்கள்" பற்றி இக்காலத்தார் செய்த ஆராய்ச்சிக்கு வருவோம். 1991-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் மிகுதியாகத் தின்றும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாகலாம் என்று பேசப்பட்டது. அதன் பின் அந்நாட்டில் சிவப்பு ஒயின் விற்பனை துள்ளிக் குதித்தது. "தினம் ஒரு கிளாஸ்" என்ற பேச்சு உலகமெல்லாம் பரவி, நம் கடைத்தெரு வரை வந்து சேர்ந்தது. குடியாதவர்களைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியதும் உண்மை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிசகு இருந்தது. 1988-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் ஷேப்பர் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். அது என்ன பிசகு? ஒரு முதலாளிக்கு இரண்டு கடைகள் என்று வைத்துக்கொள்வோம். முதற்கடையின் வாராக் கடன்களையெல்லாம் இரண்டாம் கடையின் பேரேட்டில் எழுதிவிட்டால், முதற்கடை கொழிப்பதாகவும் இரண்டாம் கடை நட்டத்தில் ஓடுவதாகவும் தோன்றுமல்லவா? அதுதான் இங்கும் நடந்தது. பல்லாண்டு குடித்து, உடல் கெட்டு, வைத்தியர் சொல்லி நிறுத்தியவர்களும் "குடியாதவர்கள்" என்ற பேரேட்டில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். குடியினால் வந்த நோய் குடியாதவர் கணக்கில் ஏறியது. அதன்றி, அளவோடு குடிப்பவர்களில் பலர் வசதியும் படிப்பும் நல்ல உணவும் உடையவர்கள். அவர்களுடைய ஆரோக்கியத்தின் புகழ் மதுக் கோப்பைக்குப் போய்ச் சேர்ந்தது.

பின் வந்த ஆராய்ச்சிகள் பேரேட்டைத் திருத்தி எழுதின. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த சீன தேசத்து ஆராய்ச்சி ஒன்று 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. பிறவியிலேயே மதுவைத் தாங்க முடியாத உடலமைப்பு உள்ளவர்கள் அந்நாட்டில் பலர். அவர்களையும் மற்றவர்களையும் மரபணுவைக் கொண்டு ஒப்பிட்டபோது, மிதமான குடி பக்கவாதத்திலிருந்து காக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குடி ஏற ஏறப் பக்கவாதமும் ஏறியது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவும் இல்லை என்று அறிவித்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் புகையிலையோடு மதுவும் 1988 முதற்கொண்டு இடம்பெற்றிருக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், மாதர் மார்பகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டிருக்கிறது.

நேர்மையாகவும் பேச வேண்டும். வயது சென்றவர்களின் இருதயத்துக்குச் சிறு அளவு ஏதோ உதவலாம் என்று இன்றும் வாதிக்கும் அறிஞர்கள் சிலர் உண்டு. ஆயினும் குடியாத ஒருவரை இருதயத்துக்காகக் குடிக்கத் தொடங்கும்படி உலகச் சுகாதார நிறுவனமோ பெரிய இருதய மருத்துவச் சங்கங்களோ பரிந்துரைப்பதில்லை. வரவு மெய்யாகவே இருந்தாலும் செலவு அதைவிடப் பெரிது என்பதே அவர்களும் வந்து சேரும் முடிவு. பகரா அத்தியாயத்தின் ஐந்தொகையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.

மாத்திரையும் கோப்பையும்

இனி நாம் சொல்லப்போவது மிகவும் அவசரமானது. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. நம் வியாபாரப் பெருமக்களிடையே இனிப்பு நீருக்கும், இரத்தக் கொதிப்புக்கும், கொழுப்புக்கும் மாத்திரை விழுங்காதவர் எத்தனை பேர்? கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி இல்லாத கடை அரிது. இப்படிப்பட்டவர் "கொஞ்சந்தானே" என்று கோப்பையைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

ஒன்று, நீரிழிவு மாத்திரை. கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பவை. சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் ஈரல் தன்னிடமிருந்து புதிதாகச் சர்க்கரை செய்து ஈடு கட்டும். ஆனால் மது உள்ளே வந்ததும் ஈரல் அதைக் கழிக்கும் வேலையில் இறங்கி, சர்க்கரை செய்வதைக் குறைத்துவிடுகிறது. ஒரு பக்கம் மாத்திரை இறக்குகிறது. மறு பக்கம் ஏற்றிவிட ஆள் இல்லை. சாப்பிடாமல் குடித்தால் ஆபத்து இன்னும் அதிகம். பல மணி நேரம் கழித்து, நடுநிசியிலோ மறுநாள் காலையிலோ சர்க்கரை சட்டென்று விழலாம். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், நா குழறும், நடை தள்ளாடும். இவை எல்லாம் குடிவெறியின் அடையாளங்களைப் போலவே இருக்கும்! வாயில் மது வாடை வேறு. பார்ப்பவர்கள் "போதை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கதவைத் தட்டினால் அவர் எழுந்திருக்க மாட்டார். நீரிழிவுக்காரர் எவரையும் இந்நிலையில் கண்டால், நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லையேல் வாயில் எதையும் ஊற்றாமல், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்கு அழையுங்கள்.

மெட்ஃபார்மின் சாப்பிடுவோர்க்கு வேறொரு அபாயம். அளவுமீறிக் குடித்தால், அரிதாகவேனும், இரத்தத்தில் ஒருவகை அமிலம் தேங்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

இரண்டு, இரத்தக் கொதிப்பு மாத்திரையும், நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையும். மதுவும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும்; இவையும் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கீழே விழ நேரிடும். இது அன்றைய அபாயம். நாள்தோறும் குடித்தால் கொதிப்பு மேலும் ஏறி மாத்திரையின் பலனையே தின்றுவிடும்.

மூன்று, வார்ஃபரின் முதலிய இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள். மதுவோடு சேர்ந்தால் மருந்தின் அளவு தடுமாறும். உள்ளே இரத்தக் கசிவு உண்டாகலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோடு மது சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் இரத்தப் போக்கும் வர வழியுண்டு.

நான்கு, நம் கடையிலேயே தொங்கும் பாரசிட்டமால். தலைவலிக்கு எல்லோரும் விழுங்கும் எளிய மாத்திரைதான். அதில் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப் பொருளாக மாறும். ஈரல் அதை உடனே முறித்துவிடும். நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவரின் ஈரலோ நச்சைக் கூடுதலாகச் செய்யும். முறிக்கும் சரக்கு அதனிடம் குறைவாக இருக்கும். ஆகவே, குடித்த மறுநாள் தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை போடும் வழக்கம் ஈரலைக் கெடுக்க வல்லது.

ஐந்து, தூக்க மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரை, தூக்கம் வரச் செய்யும் சளி மருந்து, கோடீன் கலந்த இருமல் மருந்து. இவையும் மதுவும் மூளையை ஒரே திசையில் அழுத்துபவை. இரண்டும் கூடினால் மூச்சே மந்தப்பட்டு நின்றுவிடலாம். சளி மருந்து குடித்த இரவில் ஒரு கோப்பை போட்டுவிட்டு லாரி ஓட்டுபவர், தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

ஆறு, பல் வலிக்கும் வயிற்றுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் என்னும் மருந்து. இதோடு மது சேர்ந்தால் வாந்தி, முகம் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு உண்டாகலாம் என்று எச்சரிக்கிறார்கள். மருந்து முடிந்த பின்னும் இரண்டு மூன்று நாட்களுக்கு இவ்வெச்சரிக்கை உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மருந்தோ மதுவோடு சேர்ந்து ஈரலைத் தாக்கும்.

வயது ஏற ஏற உடம்பில் நீர்ப்பங்கு குறைகிறது. ஆகவே 30 வயதில் குடித்த அதே கோப்பை 60 வயதில் அதிகமாக ஏறும். மாத்திரைகளின் எண்ணிக்கையும் அந்த வயதில்தான் கூடுகிறது.

இன்னொரு தந்திரமும் சிலரிடம் உண்டு. "இன்று விருந்து, கொஞ்சம் போடப் போகிறேன், ஆகையால் மாத்திரையை விட்டுவிடுகிறேன்" என்பார்கள். இது இரட்டை நட்டம். மாத்திரையை விட்டதால் கொதிப்பும் சர்க்கரையும் ஏறும். மதுவின் கேடு தனியே வரும். சில மருந்துகளோ ஒரு நாள் விட்ட பின்னும் உடம்பில் தங்கியிருக்கும்.

மறைப்பதனால் வரும் கேடு

சகோதரர்களே! இந்தக் கேடுகளெல்லாம் எல்லா மதத்தாருக்கும் பொதுவானவை. ஆனால் நம்மவருக்கு ஒன்று அதிகம். மற்றவர் தாம் குடிப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுகிறார். நம்மவர் சொல்வதில்லை. "குடிப்பதுண்டா?" என்று டாக்டர் கேட்டால், பக்கத்தில் மனைவியோ மகனோ இருக்கிறார்கள், தலையில் தொப்பி இருக்கிறது, "இல்லை" என்று சொல்லிவிடுகிறார். சில வேளை பெயரைப் பார்த்தே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். டாக்டர் அந்தப் பொய்யை நம்பி மருந்து எழுதுகிறார்.

வெட்கம் நல்லதுதான், ஈமானின் ஒரு கிளை அது. பாவத்தை ஊரறியப் பறைசாற்றக் கூடாது என்பதும் மார்க்கத்தின் கட்டளையே. ஆனால் வைத்தியரிடம் உண்மையைச் சொல்வது பறைசாற்றுதல் ஆகாது. உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைக் காக்க வேண்டிய அளவுக்கு, காக்கக்கூடியவரிடம் தனிமையில் சொல்வது கடமையாகும். "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்டு, என்ன, எவ்வளவு, எப்போது என்று சொல்லிவிடுங்கள். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர் தொழிலின் தர்மம்.

இதில் மற்றொன்றும் அறிய வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், தௌபாச் செய்து ஒரே நாளில் தாமாக நிறுத்திவிட்டால், கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் உண்டாகி உயிருக்கு ஆபத்து வரலாம். ஆகவே தௌபாவின் முதற் காலடியை மருத்துவமனைப் பக்கமாக எடுத்து வையுங்கள். அந்த நாட்களைப் பத்திரமாகக் கடத்துவதற்கு டாக்டர்களிடம் மருந்து இருக்கிறது. ரமலான் பிறையைப் பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்று காத்திராமல், அதற்கு முன்பே போங்கள்.

மருந்திலேயே ஆல்கஹால் இருந்தால்?

இது பலருக்கும் எழும் ஐயம். தாரிக் இப்னு ஸுவைத் (ரலி) அவர்கள் மருந்துக்காக மது தயாரிப்பதாகச் சொன்னபோது, அது மருந்தன்று, நோயே என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். எனவே பிராந்தியைச் சளிக்கென்றும், மருந்து ஒயினைப் பிள்ளை பெற்றவளுக்கென்றும் வாங்கி வைப்பதற்கு இடமில்லை. ஊர் மருந்தென்று அரிஷ்டம் குடிப்பவர்களும், அது புளிக்க வைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் தானே ஊறுகிறது என்பதை அறிந்து, மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

ஆனால் இருமல் மருந்திலும் சொட்டு மருந்திலும், மருந்துச் சரக்கைக் கரைப்பதற்காக மட்டும் ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. 2011-ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு இதை ஆராய்ந்து, மது வடிக்கும் முறையில் வராத ஆல்கஹாலைக் கரைப்பானாகக் கொண்ட மருந்துக்கு அனுமதி உண்டு என்று முடிவு செய்தது. ஆகவே வீணான சந்தேகத்தால் டாக்டர் கொடுத்த மருந்தை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஐயம் இருந்தால் மருந்தாளரிடம் ஆல்கஹால் கலவாத மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

கல்லாப் பெட்டியின் கேள்வி

குடிக்காதவர்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி இது. மதுவின் தொடர்பில் பத்துப் பேர் சாபத்துக்கு உரியவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். பிழிபவன், குடிப்பவன் ஆகியோரோடு சுமப்பவன், பரிமாறுபவன், விற்பவன், அதன் கிரயத்தைத் தின்பவன் ஆகியோரும் அப்பட்டியலில் இருக்கிறார்கள். பத்தில் பெரும்பாலோர் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

"பக்கத்துக் கடையில் பீர் டின் அடுக்கியிருக்கிறான், நான் வைக்காவிட்டால் வாடிக்கை போய்விடும், நான் குடிக்கவில்லையே" என்பது நம்மவர் சிலர் சொல்லும் நியாயம். ஒருவர் நாயகத்துக்குத் தோல் பை நிறைய மது அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். அது ஹராம் ஆகிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும், பக்கத்திலிருந்தவர் அவர் காதில் விற்றுவிடும்படி சொன்னார். குடிப்பதை ஹராமாக்கியவனே விற்பதையும் ஹராமாக்கினான் என்று நாயகம் விளக்கவும், அவர் பையின் வாயைத் திறந்து முழுவதையும் கொட்டிவிட்டார். அவருக்கும் அது காசு பெறும் சரக்குத்தான்.

நம் கடையில் பீர் வாங்குபவர் யார்? பெரும்பாலும் கூலி வேலை செய்யும் ஏழை. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தமிழ்த் தொழிலாளியின் கூலியை எப்படி உறிஞ்சியது என்பது நமக்குத் தெரியும். 1947-ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற பெயரில் அத்தொழிலாளிகளே கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். கல்வியும் காசும் இல்லாத தோட்டத்து மக்கள் கள்ளுக்கடை வேண்டாம் என்று நின்றபோது, கலிமாச் சொன்ன நாம் அதே ஏழையின் கூலியை வேறொரு டின்னில் வாங்கிக் கல்லாவில் போடலாமா? ரிஸ்க் அளப்பவன் அல்லாஹ். அந்த ஒரு தட்டில் அரிசியையும் பருப்பையும் அடுக்கி, அவன் தருவதைப் பொறுத்திருந்து பாருங்கள்.

விழுந்தவரைத் தூக்குங்கள்

கடைசியாக ஒன்று. நம் கடைச் சிப்பந்திகளில், உறவினரில், பள்ளிவாசல் ஜமாஅத்தில் யாராவது இதில் விழுந்திருந்தால் அவரை என்ன செய்வது? நாயகத்தின் காலத்தில் மது குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். ஒரு நாள் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். தண்டனை நின்றது, சாபம் தடுக்கப்பட்டது. அந்த வழியைப் பின்பற்றுவோம். ஊரிலிருந்து வந்து, மனைவி மக்களைப் பிரிந்து, கடை மாடியில் படுத்துக் கிடக்கும் வாலிபனுக்கு மாலையில் பேச்சுத் துணை இல்லையென்றால், அவனுக்குத் துணையாக வேறொன்று வந்து சேரும். முதலாளிமார்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வேலையை விட்டு விரட்டுவதற்கு முன், ஒரு முறையேனும் அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

குடித்தவரின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் தொழுது என்ன பயன்?" என்று பள்ளியையே விட்டுவிடுபவர்களும் உண்டு. இது தவறான விளக்கம். அந்த நற்கூலியை அவர் இழக்கிறார் என்பதே அறிஞர்கள் கூறும் பொருள். தொழும் கடமை ஒரு வேளையும் நீங்குவதில்லை. தௌபாச் செய்தால் அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் என்பதும் அதே செய்தியில்தான் இருக்கிறது. ஆகவே விழுந்தவர் முதலில் வர வேண்டிய இடம் பள்ளிவாசல்தான். வருபவருக்கு ஸஃப்பில் இடம் விட வேண்டியது நம் கடமை.

யா அல்லாஹ்! எங்கள் உடம்பையும் அறிவையும் நீ தந்த அமானிதங்களாகக் காத்துக்கொள்ளச் செய்வாயாக! எங்கள் வியாபாரத்தில் ஹலாலான கொஞ்சத்தைப் பெருக்கி, ஹராமான நிறையவிலிருந்து எங்களைக் காப்பாயாக! நோயாளிகளுக்குச் சுகமும், விழுந்தவர்களுக்குத் தௌபாவும், எங்கள் பிள்ளைகளுக்கு நேர்வழியும் அருள்வாயாக! ஆமீன்.